தோளில் ஒரு கை, தகட்டில் ஒரு விரல்

பாசமுள்ள தேவசகாயத்துக்கு,

இறந்தவர்களுக்கு எழுதும்போது ‘நீ’ என்று எழுதுவதுதான் வழக்கம் போலிருக்கிறது. அவர்கள் உயிரோடு இருந்தபோது எழுந்து நின்று பேசியவர்கள்கூட, செய்தித்தாளின் அஞ்சலிப் பக்கத்தில் உரிமையோடு ஒருமைக்கு இறங்கிவிடுகிறார்கள். நமக்கு அது சரிவராது. நீங்கள் என்னை ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டீர்கள், நானும் பதிலுக்கு ‘ஏனுங்க’ என்றேன். பழகிய காலமெல்லாம் இரண்டு தாசில்தார்கள் சந்தித்துக்கொண்ட மாதிரிதான் பேசினோம். ஒரே ஒரு தடவை தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. பெரியநாயக்கன்பாளையத்தில் நம் பம்ப்செட் கம்பெனி அதே இடத்தில்தான் இருக்கிறது. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வைண்டிங் பகுதியில் உங்கள் பெஞ்சில் இப்போது வேறொருவர் உட்காருகிறார். நல்ல மனிதர், யாரோடும் சண்டையில்லை. அவர் கட்டி அனுப்பும் மோட்டார்களும் அவரைப் போலவே, விட்டுப் பிரிய மனமில்லாமல் திரும்பி வந்துவிடுகின்றன.

நான் இன்னும் அதே வேலையில் இருக்கிறேன். மோட்டாரோடு பெட்டியில் வைத்துத் தரும் தமிழ் விளக்கப் புத்தகத்தை எழுதுகிறேன். கோவை மாவட்டத்தில் என் அளவுக்கு அச்சான எழுத்தாளன் கிடையாது என்று நீங்கள் சொல்வீர்கள். என் அளவுக்குப் படிக்கப்படாத எழுத்தாளனும் கிடையாது என்று நான் சேர்த்துக்கொள்வேன். முதல் பக்கத்தின் முதல் வரி நீங்கள் சொல்லி நான் எழுதியது: எர்த் இணைப்பு இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள். ஒவ்வொரு பதிப்பிலும் மற்றதையெல்லாம் மாற்றச் சொல்கிறார்கள். அந்த வரியை மாற்ற நான் விட்டதில்லை.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று நாம் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அவிநாசிப் பக்கத்தில் எங்கள் ஊரில், என் பெரியப்பாவின் தோட்டத்தில் உங்கள் அப்பா வேலை செய்தார். கிணற்று மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டார். உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கினது மடங்கினதுதான். பெட்டிக்கு எர்த் கொடுக்கவில்லை. கொடுத்திருந்ததாகப் பெரியப்பா இன்றுவரை சொல்கிறார். அப்போது நாம் இருவரும் சின்னப் பையன்கள். நீங்கள் பிறகு மோட்டார் வேலைக்குப் போனீர்கள், நான் மோட்டாரைப் பற்றி எழுதும் வேலைக்கு வந்தேன். இதில் யார் எதைத் துரத்திக்கொண்டு போனோம்?

கடிதம் எழுதக் காரணம் உங்கள் கிட்டார். நான்கு கம்பி பேஸ் கிட்டார் என்று முழுப் பெயரையும் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள்.

நம் கம்பெனி ஆட்களின் இன்னிசைக் குழுவில் எல்லாம் இருந்தது, பேஸ் மட்டும் இல்லை. கடையில் விற்கிற விலைக்கு அது இல்லாமலே இருக்கட்டும் என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். நீங்கள் மட்டும், “அது என்னங்க, ஒரு பலகை, நாலு கம்பி, ஒரு காயில். நாம தெனமும் சுத்தற காயில்தானுங்களே,” என்றீர்கள். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் உங்களுக்கு மோட்டாரின் ஏதோ ஒரு பகுதியாகத்தான் தெரிந்தது.

வெளிநாட்டு மெஷின் ஒன்று வந்திறங்கிய பாக்கிங் பெட்டியின் பலகைகளை ஒட்டி, வார்ப்படத்துக்கு மர அச்சு செய்யும் கடையில் கொடுத்து அறுத்து வாங்கினீர்கள். அவர்கள் அதுவரை பம்ப்பின் வயிற்றுக்குத்தான் அச்சு செய்திருந்தார்கள். அதனால் உங்கள் கிட்டாருக்கும் பம்ப்பின் வயிறு வந்துவிட்டது. உடைந்த கிட்டார் ஒன்றின் கழுத்து எங்கோ கிடைத்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். “சத்தம் வயித்துல இருந்துதானுங்க வரோணும்,” என்றீர்கள்.

கிட்டாரின் உடம்பு முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. உள்ளே மின்சாரச் சாமான்களை வைக்க வேண்டும். பலகையின் முன்பக்கத்தில் உளியால் குழி பறித்தீர்கள். முடியை விட மெல்லிய எனாமல் கம்பியைக் கைமெஷினில் சுற்றி, கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பைச் செய்தீர்கள். அதைச் சுற்றும்போது வீட்டில் ஃபேன் போடக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. உங்கள் வீட்டுக்காரம்மா ஸ்டெல்லா தும்மலை அடக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடியது நினைவிருக்கிறதா? வால்யூமுக்கு ஒன்றும் டோனுக்கு ஒன்றுமாக ரேடியோ கண்ட்ரோல்கள் இரண்டு. திருகுகிற குமிழ்களில் ஒன்று ரேடியோவிலிருந்து, இன்னொன்று வீட்டு ஸ்டெபிலைசரிலிருந்து. அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் டோனைக் குறைத்தால் விளக்கு மங்குமோ என்று எனக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

இந்தக் கண்ட்ரோல்களை மூட ஒரு உலோகத் தகடு வேண்டியிருந்தது. பம்ப்செட்டில் ஒட்டுகிற பெயர்த் தகடு ஒன்றை எடுத்து, அதில் ஓட்டை போட்டுப் பொருத்திவிட்டீர்கள். குதிரைத் திறன், வோல்ட், வேகம் என்று கட்டங்கள் அச்சடித்த தகடு. கட்டங்களை நிரப்பச் சொன்னேன். “அளந்து பாக்காம எழுதக் கூடாதுங்க,” என்று காலியாக விட்டீர்கள். அந்தக் கட்டங்கள் இன்றும் காலிதான்.

எல்லாம் பொருத்தி ஆம்ப்ளிஃபயரில் செருகினால் பாட்டுக்கு முன்னால் இரைச்சல் வந்தது. மாவு மில் ஓடுகிற மாதிரி கொர்ரென்று ஒரே இரைச்சல். நான் நூலகத்திலிருந்து ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து படித்துச் சொன்னேன். கிட்டார் கம்பிகள் உட்கார்ந்திருக்கிற உலோகப் பட்டையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து, ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். வாசிப்பவரின் கை கம்பியில் பட்டதும் இரைச்சல் அடங்கிவிடும். அவ்வளவுதான்.

நீங்கள் உளியைக் கீழே வைத்தீர்கள்.

“இந்தப் புஸ்தகம் எழுதுனவரு நம்மூரு நோம்பியப் பாத்திருக்காருங்களா?”

“எதுக்குங்க?”

“சவுண்டு சர்வீஸ்காரன் பிளக்கே இல்லாம ஒயர ஓட்டைல உட்டுத் தீக்குச்சியச் சொருகுவான். அதுல எது எர்த்து எது கரண்டுன்னு அவனுக்கே தெரியாது. அந்த எர்த்த நம்பி என்ற கையிலயும் கம்பியிலயும் ஒயரக் குடுக்கச் சொல்றீங்களா? அடுத்தவன் குடுத்த எர்த்த நம்பி எங்கப்பன் கை என்னாச்சுங்க?”

நான் புத்தகத்தை மூடினேன். அப்பாவின் கையைப் பற்றி நீங்கள் என்னிடம் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

அப்புறம் வழியும் நீங்களே கண்டுபிடித்தீர்கள். நான் எட்டிப் பார்ப்பதற்காக ஒரு கையை உங்கள் தோளில் வைத்து, மற்றக் கையின் விரலை அந்தத் தகட்டில் ஊன்றினேன். இரைச்சல் நின்றது. எடுத்தேன், வந்தது. மறுபடியும் வைத்தேன், நின்றது. தகடு எர்த்தோடு சேர்ந்திருந்தது, நான் தகட்டோடும் உங்களோடும் சேர்ந்துவிட்டேன்.

“அப்பிடியே நில்லுங்க,” என்றீர்கள்.

“எவ்வளவு நேரமுங்க?”

“கச்சேரி முடியற வரைக்குமுங்க.”

“எனக்குப் பதிலா ஒரு ஒயர் வச்சுக்கலாமே.”

“ஒயரு அப்பிடியே புடிச்சுக்கிட்டு நிக்குமுங்க. மனுசன்னா ஷாக்கடிச்சா கைய ஒதறிப்போடுவான். நீங்கதானுங்க பியூஸ்.”

இப்படித்தான் இசையில் எனக்கு இடம் கிடைத்தது. என் வீட்டில் பலபேர் பல துறைகளில் பேர் வாங்கியிருக்கிறார்கள், பியூஸாக வேலை பார்த்தவன் நான் ஒருவன்தான். என்னை ரப்பர் செருப்புப் போட்டு, காய்ந்த பலகை மேல் நிற்க வைத்தீர்கள். ஒவ்வொரு மேடையிலும் முதலில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பீர்கள். பிறகு புறங்கையால் தகட்டை நீங்களே தொட்டுப் பார்ப்பீர்கள். அதற்குப் பிறகுதான், “இப்ப வைங்க,” என்பீர்கள்.

முதல் கச்சேரி எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில். அதை நான் ஏற்பாடு செய்யவில்லை, குழுவுக்கு வந்த அழைப்பு. முன்வரிசையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். உங்கள் அப்பா கடைசியில் பந்தல் கால் ஓரமாக நின்றார். பக்கத்தில் நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன.

மேடையில் நான் உங்கள் தோளில் கை போட்டு நின்றேன். ஊர் பார்த்தது. எனக்கு உள்ளூரக் கூச்சம், அதை மறைக்க அறிவியல் முகம் ஒன்றை வைத்துக்கொண்டேன். இரண்டாவது பாட்டின் நடுவில் கழுத்தில் கொசு கடித்தது. விரலை எடுத்து அடித்தேன். மாவு மில் ஓட ஆரம்பித்தது. பாடுகிறவர் பாதி வரியில் நிறுத்தினார். உங்களுக்கும் மைக்குக்கும் நடுவில் அரை முழம்கூட இல்லை.

“டேய், கைய எடுக்காதடா.”

நான்கு பக்கமும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் அது போய், ஊர் முழுக்கக் கேட்டு, கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. எங்கள் ஊரில் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் எங்கள் வீட்டு ஆளை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான் விரலை வைத்தேன். இரைச்சல் நின்றது. நீங்கள் விட்ட இடத்திலிருந்து வாசித்தீர்கள்.

மேடையிலிருந்து இறங்கியதும் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏன்டா சின்னச்சாமி, அவன் வாசிக்கறதுக்கு நீ எதுக்குடா அவன்மேல கையப் போட்டுக்கிட்டு நிக்கறே?”

“இரைச்சல் வராம இருக்கறதுக்குங்க பெரீப்பா. நான் தொட்டா நின்னுபோகும். அது ஒரு சயின்ஸுங்க.”

அவர் வெற்றிலையை மென்று முடித்தார். “அந்த எரைச்சலு நின்னுபோச்சு. ஊருக்குள்ள வேற எரைச்சலு கெளம்பியிருக்குது, போய்ப் பாரு.”

நீங்கள் வேன் பக்கத்தில் நின்றுகொண்டு, “தெரியாம வாய்ல வந்துபோச்சுங்க, மனசுல வச்சுக்காதீங்க,” என்றீர்கள். நான் அதை மனதில்தான் வைத்துக்கொண்டேன். மறுபடியும் ஒருமுறை அப்படிக் கூப்பிடமாட்டீர்களா என்று இருந்தது. ஆனால் விரலை எடுக்க எனக்குத் துணிவில்லை. அதன்பின் எந்த மேடையிலும் எடுக்கவில்லை. கொசு கடித்தது, வியர்வை கண்ணில் இறங்கியது, அவிநாசித் தேர்க் கூட்டத்தில் யாரோ என் செருப்பை மிதித்தார்கள். எடுக்கவில்லை.

யார் கேட்டாலும் சயின்ஸ் என்றேன். பெரியப்பாவுக்கு, பங்காளிகளுக்கு, என் மாமனார் வீட்டுக்கு, எல்லோருக்கும் அதே பதில். சயின்ஸில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

போன வருஷம் நீங்கள் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பிறகு, கிட்டார் உங்கள் பீரோ மேல் துணி சுற்றிக் கிடந்தது. இந்த வருஷ நோம்பிக்கு எங்கள் ஊரிலிருந்து குழுவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. உங்கள் மகன் ஜெபா வாசிப்பதாகச் சொல்லிவிட்டான். சரவணம்பட்டிக் கல்லூரியில் பி.காம் படிக்கிறவனுக்கு இது எப்போது வந்தது என்று கேட்டேன். “அப்பா வாசிக்கறப்ப அவரு வெரலத்தானுங்க மாமா பாத்துக்கிட்டிருப்பேன்,” என்றான். நான் என் விரலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்ற வருஷங்கள் அவை.

எடுத்துச் செருகிப் பார்த்தால் சத்தமே இல்லை. ஸ்டெல்லா ஆள் அனுப்பினார். போன ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பிய பிறகு, உங்கள் சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அந்த வேலை தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மற்றவர்களுக்கு விளக்கப் புத்தகம் எழுதுகிறவன் தெரியாது என்று சொல்ல முடியுமா?

தகட்டின் திருகுகளைக் கழற்றித் தூக்கினேன். வைண்டிங் வார்னிஷ் வாசம் வந்தது. மூன்றே மூன்று ஒயர்களை மோட்டார் காயில் கட்டுகிற நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தீர்கள். ஆம்ப்ளிஃபயர் ஒயரைச் செருகுகிற ஜாக்கில் ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது, அதைச் சேர்க்க வேண்டியதுதான். சேர்க்கப் போனபோதுதான் அந்த நான்காவது ஒயரைப் பார்த்தேன்.

கம்பிப் பட்டையிலிருந்து ஒரு சிறு துளை வழியாகக் குழிக்குள் வந்திருந்தது. நேராக எர்த்துக்குப் போகவில்லை. நடுவில் சின்னதாக ஒரு கண்டென்சர் வைத்துப் பற்றவைத்திருந்தீர்கள். ஜெபாவின் நண்பன் ஒருவன் ரேடியோக் கடையில் இருக்கிறான், அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரைச்சல் அதன் வழியாக எர்த்துக்குப் போய்விடும். சவுண்டு சர்வீஸ்காரனின் கரண்ட் எந்த வழியாக வந்தாலும், ஆளைக் கொல்லும் அளவுக்குக் கைக்கு வராது. அடுத்தவன் எர்த்தை நம்பாமலே அதைப் பயன்படுத்த ஒரு வழி கண்டுபிடித்துவிட்டீர்கள். அதாவது, தோளில் கையும் தகட்டில் விரலும் தேவையில்லை.

“இது எப்பம்மா போட்டாரு?” என்று கேட்டேன். சாவதற்கு முன் கடைசியாகச் செய்த வேலையாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். “அதுங்களாண்ணா, உங்கூரு மொத நோம்பிக் கச்சேரி முடிஞ்சு வந்த கிறிஸ்துமஸுக்கே போட்டுப்போட்டாருங்க.”

“அப்பறம் நான் எதுக்கும்மா இத்தன வருசம் நின்னேன்?”

“நானுங் கேட்டேனுங்கண்ணா. பாவம் அந்தண்ணனுக்குக் கால் நோகும், சொல்லிப்போடுங்கன்னேன்.” அவர் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “‘சொன்னா அவரு மேடைக்கு வரமாட்டாரு புள்ளை’ன்னாருங்க.”

உண்மைதான், வந்திருக்க மாட்டேன். வேலையில்லாமல் உங்கள் தோளில் கை போட்டுக்கொண்டு எங்கள் ஊர் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது. அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு மேடையிலும் டெஸ்டரை எடுத்து, புறங்கையால் தொட்டுப் பார்த்து, நான் விரல் வைக்கும்வரை கம்பியில் கை படாமல் பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் “இப்ப வைங்க” என்று சொன்னீர்களே, அப்போது உள்ளுக்குள் சிரித்தீர்களா? என்னைச் சிரிக்காமல் கிண்டல் செய்கிறவன் என்று கம்பெனி நண்பர்கள் சொல்வார்கள். அந்தக் கலையில் நீங்கள் எனக்கு எத்தனையோ படி மேலே இருந்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் அப்பா அதன்பிறகு ஒரு கச்சேரியையும் விட்டதில்லை. சினிமாப் பாட்டில் அவருக்கு விருப்பம் கிடையாது. பந்தல் கால் ஓரமாகவே நின்று, முடியும் வரை மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்க்க வந்தது உங்கள் கையையா, என் கையையா? நீங்கள் அந்தக் கண்டென்சரை என்னிடம் சொல்லாமல் விட்டது எனக்காகவா, அவருக்காகவா? அவரிடமே கேட்கலாம். அதே வீட்டில், கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்டிங் பிளேயர் என் கையில்தான் இருந்தது. அந்தக் கண்டென்சரின் காலை ஒரு நறுக்கு நறுக்கினால் போதும். இரைச்சல் திரும்ப வந்துவிடும், எனக்கு வேலையும் வந்துவிடும். பெரியப்பாவிடம் சொல்ல சயின்ஸும் இருக்கும். ஸ்டெல்லா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளேயரைக் கீழே வைத்தேன். விட்டுப்போன ஒயரை மட்டும் பற்றவைத்தேன். உங்கள் வேலைக்குப் பக்கத்தில் என் சால்டர் காக்கை எச்சம் மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெபாவைக் கூப்பிட்டு உள்ளே காட்டி விளக்கினேன். அவன் கிட்டாரை மாட்டிக்கொண்டு கம்பியைத் தொட்டான். ஆம்ப்ளிஃபயரில் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு சுத்தமான அமைதியை அந்தப் பெட்டியிலிருந்து நான் தனியாக நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

“அப்ப இத்தன நாளும் நீங்க சும்மாதான் நின்னீங்களா மாமா?”

“சும்மாதான் கண்ணு.”

அவன் குமிழைத் திருகிக்கொண்டே கேட்டான்: “அப்ப நோம்பிக்கு மேடைக்கு வரமாட்டீங்களா?”

“வாரேன்,” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

பெரியப்பா இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கிவிட்டது, இருந்தாலும் முன்வரிசை நாற்காலி அவருக்குத்தான். மேடையில் நான் உங்கள் மகனின் தோளில் கை வைத்து நிற்பதைப் பார்க்கும் அளவுக்குப் பார்வை இருக்கிறது. உங்கள் அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார். அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பார்க்கிறேன். அவர் உட்காராமல் போனால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.

தேவசகாயம், இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. பெரியப்பா மறுபடியும் கேட்பார், எதற்கடா கையைப் போட்டுக்கொண்டு நிற்கிறாய் என்று. இந்தத் தடவை சயின்ஸ் சொல்ல மாட்டேன். சும்மாதான் நிற்கிறேன் என்று சொல்வேன். உங்களைப் போலவே மைக்குக்குப் பக்கத்தில் நின்று சொல்வேன். கையை எடுக்க மாட்டேன்.

ஸ்டெல்லா என்னை அண்ணா என்று கூப்பிடும் முறையில்,
உங்கள் மச்சான்
சின்னச்சாமி